கஜாவுக்குப் பின் வைத்த தென்னையில் குரும்பை கொட்டுகிறதா?

பட்டுக்கோட்டைப் பக்கம், 2018 கஜா புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள், இப்போது பாளை விட்டும் குரும்பை (பிஞ்சுக் காய்) கொட்டுகிறது, கடைக்காரர் மூன்று மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார் என்கிறீர்கள். அதை வாங்காதீர்கள். காய்ப்புக்கு வந்த புதிதில் கொஞ்சம் உதிர்வது வழக்கம்தான். அதற்கு மேல் கொட்டினால் தண்ணீர்க் குறைவா, போரான் பற்றாக்குறையா, பூச்சியா என்று பார்க்க வேண்டும்.

உதிர்ந்த பத்துக் குரும்பைகளையும் தோட்டத்து மண்ணையும் எடுத்துக்கொண்டு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள். உங்களுக்குப் பக்கம்தான். வேளாண் பல்கலைக்கழகம் என்றால் கோயம்புத்தூர், மாணவர்களுக்கானது என்று நினைத்துத் தயங்க வேண்டாம். இந்த நிலையமும் அந்தப் பல்கலைக்கழகத்துடையதுதான், விவசாயி கேட்டு வருவதற்காகவே இருக்கிறது.

அவர்களின் தென்னை டானிக்கையும் (மரத்துக்கான சத்துக் கலவை) கேளுங்கள். மரத்துக்கு 200 மில்லி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வேர் வழியாக. நுனி காயாத, பென்சில் கனத்து வேராகப் பார்த்துச் சாய்வாகச் சீவி, டானிக் இருக்கும் பைக்குள் அந்த வேரை அடிவரை விட்டு நூலால் கட்டிவிடுங்கள். மறுநாள் பையில் டானிக் அப்படியே இருந்தால் வேறு வேரில் கட்டுங்கள். (நான் முதல் தடவை செத்த வேரில் கட்டிவிட்டு மூன்று நாள் காத்திருந்தேன்!)

டானிக் உரத்துக்கு மாற்று இல்லை. தொழு உரத்தை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், அங்கே என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.