கோகோவும் கூடையும்: ஜமைக்காவின் பழமொழிகள் – கேள்வி பதில்

ஜமைக்காவின் மலைநகரமான மாண்டெவில்லில் ஒன்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அங்கே எனக்கு மொழியைக் கற்றுக்கொடுத்தவர்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியும் சந்தைக்காரப் பெண்களும் என் மாணவர்களும்தான். அவர்கள் வாயில் பழமொழி வராத நாளே கிடையாது. அதைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

அக்கா, அங்கே முதன்முதலில் கேட்ட பழமொழி நினைவிருக்கிறதா?

நன்றாக நினைவிருக்கிறது. "வன் வன் கோகோ ஃபுல் பாஸ்கிட்." ஒவ்வொரு கோகோவாகப் போட்டால் கூடை நிறையும். போன புதிதில் மாணவர்கள் தங்களுக்குள் பேசுவது ஒன்றும் புரியாமல், ஒருநாள் அழாத குறையாக வீட்டுக்கு வந்தேன். பாட்டி வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். செம்மண் ஒட்டிய ஒரு கிழங்கை எடுத்து என் கையில் வைத்து இதைச் சொன்னார். "தினம் ஒரு சொல் படி, போதும்" என்று அதற்குப் பொருள்.

இந்த கோகோ சாக்லேட் செய்யும் கொக்கோ கிடையாது, தேங்காயும் கிடையாது. நம் சேம்பின் உறவுக் கிழங்கு. நடுவில் பெரிய தாய்க்கிழங்கு, அதைச் சுற்றிச் சிறு கிழங்குகள். தாயை மண்ணிலேயே விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை வேண்டும்போது ஒவ்வொன்றாக ஒடித்து எடுக்கலாம். ஆகவே "ஒவ்வொன்றாக" என்பது அலங்காரத்துக்குச் சொன்னது இல்லை. அந்தக் கிழங்கை எடுக்கும் விதமே அப்படித்தான்.

இதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயர் 1655-இல் ஸ்பானியரிடமிருந்து தீவைப் பிடித்தார்கள். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கானவர்களை அடிமைகளாகக் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் அடைத்தார்கள். அவர்களுக்குச் சோறு போடும் செலவை மிச்சப்படுத்த, கரும்புக்கு உதவாத மலைச்சரிவுகளைக் கொடுத்து "நீங்களே பயிர் செய்து சாப்பிடுங்கள்" என்று விட்டார்கள். தோட்ட வேலை முடிந்து மிஞ்சிய நேரத்தில் கோகோவும் வள்ளிக்கிழங்கும் விளைவித்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்துத் தன் விடுதலையையே விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. அந்தக் கூடையைத்தான் பழமொழி சொல்கிறது.

"சிறுதுளி பெருவெள்ளம்" என்று இதை மொழிபெயர்ப்பார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. மழை தானாக வரும். கோகோவைக் குனிந்து தோண்டித் தலையில் சுமக்க வேண்டும். "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" இன்னும் கிட்டே வருகிறது.

ஜமைக்காவில் ஆங்கிலம்தானே பேசுகிறார்கள்? இது இலக்கணம் உடைந்த ஆங்கிலம் மாதிரி இருக்கிறதே?

இந்த எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆட்சிமொழி ஆங்கிலம், வீட்டு மொழி பட்வா. சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து வந்தவைதான். ஆனால் வாக்கியத்தைக் கட்டும் முறையில் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் கை தெரியும்.

தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் ஒருவரை அழைத்தாலும் பத்துப் பேரை அழைத்தாலும் "யூ" என்ற ஒரே சொல். பட்வாவில் பலரை அழைக்க, நம் "நீங்கள்" போல, "உனு" என்று தனிச்சொல் இருக்கிறது. நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து வந்தது. பன்மைக்குப் பெயருக்குப் பின்னால் "டெம்" சேர்ப்பார்கள். குழந்தை என்பது பிக்னி; "டி பிக்னி டெம்" என்றால் பிள்ளைகள். நம் "கள்" உட்காரும் அதே இடம்! "வன் வன்" என்பதும் நம் "ஒன்றொன்றாய்" போல இரட்டித்து வருவதுதான். பிக்னி போர்த்துகீசிய வேர் உள்ள சொல். சாப்பிடுவதற்கு "ஞாம்" என்பார்கள், அது ஆப்பிரிக்கச் சொல். 2012-இல் புதிய ஏற்பாடு முழுவதும் பட்வாவில் அச்சாகி வந்தது. "உடைந்த ஆங்கிலம்" என்று வகுப்பறையில் தலையில் குட்டு வாங்கிய மொழிக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாப் பழமொழியிலும் கோழி, நாய், கரப்பான் என்று வருகிறதே, ஏன்?

நேராகப் பேசினால் சவுக்கடி விழும் என்ற நிலையில் இருந்தவர்களின் பேச்சு இது. "எஜமானிடம் நியாயம் கிடைக்காது" என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. கோழி முன்னால் கரப்பானுக்கு நியாயம் கிடையாது என்று சொல்லலாம். கோழி கரப்பானைத் தின்கிற பிராணி. எதிராளியும் அதுவே, நீதிபதியும் அதுவே. இதே பழமொழி ஹெய்ட்டியின் கிரியோல் மொழியிலும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட தீவிலும் ஆங்கிலேயன் ஆண்ட தீவிலும் கரப்பானின் கதி ஒன்றாகவே இருந்திருக்கிறது. ஜமைக்காவில் இதன் தம்பி ஒன்று அடிக்கடி காதில் விழும்: "காக்ரோச் நோ பிஸ்னஸ் இனா ஃபவுல் ஃபைட்." கோழிச் சண்டையில் கரப்பானுக்கு என்ன வேலை? பெரிய மனிதர்கள் மோதும் இடத்தில் எளியவன் தலையை நீட்டாதே என்ற எச்சரிக்கை.

"சிக்கின் மெரி, ஹாக் டே நியர்." கோழிக்குஞ்சு குதூகலமாக இருக்கும்போது பருந்து பக்கத்தில்தான் இருக்கும். இதைப் பிள்ளைகள் அளவுக்கு மீறிச் சிரித்து ஆடும்போது சொல்வார்கள். முதல் பாதியை மட்டும் பாட்டி சொல்லி நிறுத்துவார். ஆட்டம் சட்டென்று அடங்கும். பருந்து யார் என்று சொல்லவே தேவையில்லை. ஒரு காலத்தில் அந்தப் பருந்து தோட்டத்துக் கண்காணியாக இருந்திருப்பான் என்பது என் எண்ணம்.

இந்த வரிசையில் என்னை உலுக்கிய ஒன்று பிராணி எதுவும் இல்லாதது. "டைம் லாங்கா தான் ரோப்." காலம் கயிற்றைவிட நீளம். அந்தத் தீவில் கயிறு எதற்கெல்லாம் பயன்பட்டது என்று யோசித்தால் கட்டுவது, அடிப்பது, தூக்கிலிடுவது என்று எல்லாம் வரும். கிறிஸ்துமஸ் வேளையில், 1831-இல், சாம் ஷார்ப் தலைமையில் அடிமைகள் வேலைநிறுத்தம் செய்து, அது கிளர்ச்சியாக வெடித்தது. அவரை 1832-இல் தூக்கிலிட்டார்கள். 1834 ஆகஸ்ட் 1-இல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1838 ஆகஸ்ட் 1-இல் முழு விடுதலை. கயிற்றுக்கும் காலத்துக்கும் நடந்த போட்டியில் எது நீண்டது என்று அந்த மக்களுக்குத் தெரியும்.

அனான்சி யார் அக்கா? ஜமைக்காக் கதைகளில் அடிக்கடி வருகிறதே.

சிலந்தி. இன்றைய கானாவில் வாழும் அசாந்தி மக்களின் அக்கான் மொழியில் அனான்சே என்றாலே சிலந்திதான். சிறியது, பலமில்லாதது, புத்தியால் புலியையே ஏமாற்றும். அடிமைக் கப்பலில் கையில் ஒன்றும் கொண்டுவர முடியாதவர்கள் வாயில் கொண்டுவந்த சொத்து அவன்.

பழமொழியில் அவன் கொஞ்சம் வம்புக்காரன். "ட்ரபுல் டே எ புஷ், அனான்சி பிரிங் இட் கம் எ யார்ட்." தொல்லை காட்டில் கிடந்தது, அனான்சி அதை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை! இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை. "யார்ட்" என்பது வீட்டையும் அதைச் சுற்றிய முற்றத்தையும் குறிக்கும். லண்டனில் இருக்கும் ஜமைக்காக்காரருக்கு நாடே "யார்ட்"தான்.

அனான்சி கதையை முடிக்கும்போது "ஜாக் மாண்டோரா, மி நோ சூஸ் நன்" என்பார்கள். "கதையில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லிக் கைகழுவும் வாய்பாடு.

பேய் பற்றி ஏதாவது?

"டப்பி நோ ஹூ ஃபி ஃப்ரைட்டின்." யாரைப் பயமுறுத்தலாம் என்று பேய்க்குத் தெரியும். அலுவலகத்தில் எல்லாரையும் விட்டுவிட்டு எளியவரிடம் மட்டும் எரிந்துவிழும் மேலாளருக்கு இதைச் சொல்வார்கள். "இளைத்தவனைக் கண்டால் எகிறி மிதிப்பான்" என்கிறோமே, அது.

துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லும்படி ஏதாவது இருக்கிறதா? என் தங்கை கஷ்டத்தில் இருக்கிறாள்.

தங்கைக்கு அறிவுரையாக எதையும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஆனால் அவள் நிலையை நீங்கள் புரிந்துகொள்ள ஒன்று இருக்கிறது: "டெக் கின் டீட் கிபா ஹார்ட் பன்." பல்லைக் காட்டிச் சிரித்து நெஞ்சில் எரியும் வேதனையை மூடு. ஜமைக்கா மக்கள் 'மிஸ் லூ' என்று அன்போடு அழைத்த கவிஞர் லூயிஸ் பென்னட் (1919–2006) இதைப் பரவலாக்கினார். பட்வாவில் எழுதினால் கவிதையே இல்லை என்று சொன்ன காலத்தில், மேடையிலும் வானொலியிலும் அந்த மொழியிலேயே பேசிக் கைதட்டல் வாங்கியவர். சிரித்துக்கொண்டிருப்பவள் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துவிடாதே என்பதும் இந்த வரிக்குள் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பாதிதான் உதவும்.

கஷ்டம் தெரியாமல் அறிவுரை சொல்ல வருகிற உறவினர்களுக்கு வேறொன்று: "ராக்ஸ்டோன் எ ரிவா பாட்டம் நோ நோ சன் ஹாட்." ஆற்றடியில் கிடக்கும் கல்லுக்கு வெயில் சுடுவது தெரியாது.

உங்களுக்குப் பிடிக்காத ஜமைக்காப் பழமொழி உண்டா?

உண்டு. "ஹூ கியான் ஹியர் மஸ் ஃபீல்." சொல்லிக் கேட்காதவன் பட்டுத்தான் உணர வேண்டும். அனுபவம் பாடம் சொல்லும் என்று நல்ல பொருளிலும் வரும். ஆனால் நான் கேட்டது பெரும்பாலும் கையில் பெல்ட்டோடு. நம்மிடம் "அடியாத மாடு படியாது" இருக்கிறதே, அதே வேலையைச் செய்கிறது. என் வகுப்பில் பத்து வயதுப் பையன் ஒருவன், முழங்கையில் தழும்போடு வந்து, "மிஸ், நான் கேட்கவில்லை, அதனால் உணர்ந்தேன்" என்று பழமொழியாகவே சொன்னான். அன்று பாடம் நடத்த எனக்கு வாய் எழவில்லை. சவுக்கின் கீழ் வாழ்ந்தவர்களின் பேச்சில் சவுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முன்னோர் சொல் என்பதற்காக அதையும் காப்பாற்ற வேண்டியதில்லை.

எல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையா?

இல்லை. "எவ்ரி மிக்ல் மெக் எ மக்ல்" ஸ்காட்லாந்துச் சரக்கு. சிறிது சிறிதாய்ச் சேர்ந்தால் பெரிதாகும் என்று சொல்வார்கள். பழைய ஸ்காட்லாந்துப் பேச்சில் மிக்ல், மக்ல் இரண்டுமே "பெரியது"தான். வழியில் எங்கோ திரிந்துவிட்டது. கேட்க இனிமையாக இருப்பதால் பிழைத்துக்கொண்டது.

இந்தியர்கள் அங்கே போனார்களே, நம் தடம் ஏதாவது?

1845 மே 10-இல் பிளண்டல் என்ற கப்பல் ஓல்ட் ஹார்பர் பே கரையில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1917 வரை ஏறக்குறைய 36,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் போஜ்புரி பேசும் வட இந்தியர். மதராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்களும் உண்டு. தடம் அதிகம் தெரிவது அடுப்படியில். ஜமைக்காவில் விருந்து என்றால் ஆட்டுக்கறி. அதை "கறி கோட்" என்றே சொல்கிறார்கள்.

ஆடு என்றதும் ஒரு பழமொழி: "வா ஸ்வீட் நானி கோட் எ கோ ரன் இம் பெலி." ஆட்டுக்கு எது ருசிக்கிறதோ அதுவே அதற்கு வயிற்றைக் கலக்கும். கடன் வாங்கிக் கார் எடுக்கிறவர், ஊருக்குத் தெரியாமல் உறவு வைத்திருப்பவர், இரண்டாவது தட்டு எடுக்கிற சர்க்கரை நோயாளி என்று எல்லாருக்கும் இதுவே.

எழுத்தில் தொகுத்திருக்கிறார்களா?

1910-இல் ஐசட் ஆண்டர்சனும் ஃபிராங்க் கண்டலும் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். 1925-இல் அமெரிக்க நாட்டாரியல் அறிஞர் மார்த்தா பெக்வித் இன்னொன்று கொண்டுவந்தார். இரண்டும் மதிப்புள்ளவை. படித்துப் பாருங்கள், ஆனால் பழமொழியை யார் யாரிடம் எந்தக் கோபத்தில் சொன்னார்கள் என்பது தாளில் பாதிதான் வரும்.

அக்கா, வயது முப்பத்து நான்கு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கும் ஒரு ஜமைக்காப் பழமொழி சொல்லுங்கள்!

இருக்கிறது தம்பி. "எவ்ரி ஹோ ஹாவ் இம் ஸ்டிக் எ புஷ்." ஒவ்வொரு மண்வெட்டிக்கும் ஒரு காம்பு காட்டில் இருக்கிறது. பாட்டியின் தோட்டத்து மண்வெட்டி ஒருமுறை முறிந்தபோது நானும் கூடப் போனேன். கையில் தகட்டைப் பிடித்துக்கொண்டு மரம் மரமாக நின்று பார்த்தார். ஒரு கிளை கோணல், ஒன்று பருமன், ஒன்று பச்சையாக இருந்தது. ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் கிடைத்த கொம்பையும் அப்படியே மாட்டிவிடவில்லை. வீட்டுக்கு வந்து நிழலில் காயவைத்து, மூன்றாம் நாள்தான் சீவிப் பொருத்தினார்.