காலை ஆறரை மணி டயர் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாவுக்கு,

டர்பனில் ஆறு வருடம் இருந்துவிட்டு இந்த ஏப்ரலில் வேலை மாற்றலாகி ஜோகன்னஸ்பர்க் பக்கம் வந்திருக்கிறேன். வீடு மிட்ராண்டில். என்னிடம் ஒரு பி.எம்.டபிள்யூ 335ஐ கூபே இருக்கிறது. வாங்கியபோது 225 கிலோவாட், டர்பனில் டியூன் செய்தபின் 300-ஐத் தொடுகிறது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் லிமிட்டட் ஸ்லிப்பாக மாற்றிவிட்டேன். ஆபீஸில் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். "ரியர் வீல் டிரைவ் (பின்சக்கரம் மட்டும் ஓட்டும் வண்டி), அதில் இவ்வளவு பவர், இந்த ஊர்க் குளிருக்கு ஆகவே ஆகாது. விற்றுவிடு, இல்லாவிட்டால் ஆகஸ்ட் முடியும்வரை மூடிப் போடு" என்கிறார்கள். பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பம் டிசம்பர்வரை டர்பனிலேயே இருக்கிறது. மாதம் இருமுறை போய்வர வேண்டும். என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம், டியூனிங்குக்கு ஆன செலவு வீட்டில் தெரியாது.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

விற்கவும் வேண்டாம், மூடிப் போடவும் வேண்டாம். ஆனால் உங்கள் ஆபீஸ்காரர்கள் சொல்வதில் பாதி சரி. அவர்கள் பயப்படும் இடம்தான் தப்பு.

குளிர் என்றதும் எல்லோருக்கும் பனி ஞாபகம் வந்துவிடுகிறது. இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட்வரை குளிர்காலம்தான், ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் பனி பொழிவது அபூர்வம். 2023 ஜூலை 10 அன்று பொழிந்தபோது பதினோரு வருடத்துக்கு அப்புறம் என்றார்கள். ஆளாளுக்கு வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றோம். அப்படி ஒரு நாளில் யாரும் சொல்லாமலே வண்டியை வீட்டில் விட்டுவிடுவீர்கள். சிக்கல் மற்ற நாட்களில்தான். மே மாதத்தோடு மழை நின்றுவிடும், வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், ரோடு எலும்பாகக் காய்ந்து கிடக்கும். பகலில் பதினேழு பதினெட்டு டிகிரி வெயில். பார்த்தால் ஊட்டிக்கு வந்த மாதிரி இருக்கும். ஆனால் விடிகாலையில் பள்ளப் பகுதிகளில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் உங்கள் வீட்டு வாசலில் ஐந்து டிகிரி காட்டினால், ஜுக்ஸ்கேய் ஆற்றுப் பக்கம் இறங்கும்போது அது சரசரவென்று குறைவதை முகப்பில் பார்க்கலாம்.

அங்கேதான் நான் மாட்டினேன். ஏழெட்டு வருடம் முன்பு, ஒரு ஜூலைக் காலை ஆறரை மணி. அப்போது என்னிடம் பழைய 328ஐ. வெளிவெப்பம் 3 டிகிரிக்கு இறங்கியதும் வண்டி "டிங்" என்று ஒருமுறை எச்சரித்தது. நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன். முன்னால் ஒரு ரவுண்டானா. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி, சோம்பேறித்தனமாக கிளட்சைப் பட்டென்று விட்டேன். பக்கத்து ஆபீஸ் தோட்டத்தில் ராத்திரி ஓடிய ஸ்பிரிங்ளர் தண்ணீர் ரோட்டுக்கு வழிந்து கண்ணாடித் தாளாக உறைந்திருந்திருக்கிறது. பின்சக்கரங்கள் ஒரு நொடி சுற்றாமல் இறுகிக்கொண்டன. அடுத்த நொடி நான் வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் பக்கியில் (இங்கே பிக்கப் வண்டிக்கு அப்படித்தான் பெயர்) வந்தவர் வெள்ளைப் புகையாக மூச்சு விட்டபடி கண்ணாடியை இறக்கி, கட்டைவிரலைத் தூக்கி 'சரிதானே?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

கவனியுங்கள், அப்போது என் கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லவே இல்லை. ரியர் வீல் டிரைவ் என்றால் மிதித்தால்தான் பின்பக்கம் போகும் என்று நினைக்கிறோம். எஞ்சின் பிரேக்கும் (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது) அதே பின்சக்கரத்துக்குத்தான் போகிறது. கியரை இறக்கும்போது ரெவ்வை (எஞ்சின் சுற்றும் வேகத்தை) கொஞ்சம் ஏற்றிச் சமன் செய்யாவிட்டால், பின்னால் மட்டும் ஹேண்ட்பிரேக் போட்ட கதைதான். உங்கள் லிமிட்டட் ஸ்லிப் இதில் இன்னும் மோசம். சாதாரண டிஃபரன்ஷியலில் முடுக்கினால் ஒரு சக்கரம் வீணாகச் சுற்றும், இன்னொன்று வண்டியை நேராகப் பிடித்து வைத்திருக்கும். உங்களுடையதில் இரண்டும் ஒன்றாகப் பிடி விடும், வால் பக்கவாட்டில் கிளம்பிவிடும். கயாலாமி ரேஸ் டிராக்கில் மத்தியானம் அது சுகம், காலை ரோட்டில் ஆபத்து. அதனால் டி.எஸ்.சி.யை (வண்டி சறுக்காமல் தானே காக்கும் அமைப்பு) அணைக்கும் பொத்தான் பக்கம் காலையில் கை போகவே கூடாது.

அன்றைக்கு வண்டியை லெனேசியாவில் ஒரு மெக்கானிக் பெரியவரிடம் கொண்டுபோனேன். பாட்டனார் காலத்திலேயே இங்கே வந்த தமிழ்க் குடும்பம். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை இருந்தால் அதிகம், அதில் ஒன்று 'மெதுவா'. குஷேஷேக்களோடு வளர்ந்தவர். (குஷேஷே என்றால் இங்கே பழைய பெட்டி வடிவ பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ். அதில் 325ஐஎஸ் என்று 2.7 லிட்டர் எஞ்சினோடு பிரிட்டோரியா பக்கத்து ரோஸ்லின் தொழிற்சாலையில் ரேஸுக்காகச் செய்தார்கள். வேறு எந்த நாட்டிலும் கிடையாது. அதைப் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.) அவர் என் கையைப் பிடித்துப் பின்டயர் மேல் வைத்தார். பிளாஸ்டிக் வாளியைத் தொட்ட மாதிரி இருந்தது. இருபது நிமிடம் ஓட்டிவரச் சொல்லி மறுபடி வைக்கச் சொன்னார். இளஞ்சூடாக, நகத்தை அழுத்தினால் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. "இதுதான் டயர், காலையில் இருந்தது வேற" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "மெதுவா, மெதுவா" என்றார்.

சாதாரணக் கோடை டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். செமி ஸ்லிக் (ரேஸ் டிராக்குக்கான, வரி குறைந்த டயர்) போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். அதே நேரத்தில் எஞ்சினுக்கு நேர்மாறு. 25 டிகிரி காற்றைவிட பூஜ்ய டிகிரிக் காற்று 9 சதவீதம் அடர்த்தி, எஞ்சினுக்கு விருந்து. ஆக, டயர் தூங்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் முழு உற்சாகத்தில் இருக்கும். செமி ஸ்லிக் இருந்தால் கழற்றி வைத்துவிட்டு நல்ல ரோடு டயர் போடுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில் வண்டியை எடுக்குமுன் பாருங்கள். பத்து டிகிரி குறைந்தால் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. காணாமல் போகும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்தது வேறு. டர்பனில் டியூன் செய்தேன் என்கிறீர்கள். அது கடல்மட்டம், ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே. காற்றழுத்தம் அங்கே ஒரு பார் என்றால் இங்கே 0.83 பக்கம். டர்போ (காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத வண்டி இந்த ஏற்றத்தில் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிட்டுச் சாதுவாக இருக்கும். உங்களுடையது மாதிரி டர்போ வண்டி விடாது. 2 பார் வேண்டும் என்று மேப்பில் (எஞ்சின் கம்ப்யூட்டருக்கு டியூனர் எழுதும் கட்டளைகள்) எழுதியிருந்தால் அங்கே காற்றை இரண்டு மடங்கு நெருக்கினால் போதும், இங்கே 2.4 மடங்கு நெருக்க வேண்டும். டர்போ அளவுக்கு மீறிச் சுற்றும், காற்றும் சூடாகும். இந்த ஊரில் ஒருவரிடம் கொடுத்து மேப்பைத் திருத்துங்கள். பெட்ரோல் பங்கில் 93 ஆக்டேன் பெட்ரோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அது காற்று மெலிந்த இந்த ஊரில் டர்போ இல்லாத வண்டிக்குப் போதும். உங்களுக்கு 95.

ஆயில் வெப்ப முள் 80 டிகிரியைத் தொடும்வரை 3,000 ரெவ்வுக்கு மேலே போக வேண்டாம், அதுவே டயருக்கும் கணக்கு. வாசலில் நிறுத்தி உறுமவிட்டுச் சூடாக்குவது வீண், டயர் சூடாகாது, அக்கம்பக்கத்தாருக்குக் கோபம்தான் சூடாகும். ரேடியேட்டரில் டியூனர்கள் சிலர் வெறும் தண்ணீர் ஊற்றுவார்கள். டர்பனில் அது தாங்கும், இங்கே உறையும். கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

டர்பனுக்குப் போகும் என்3 நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை, வான் ரீனன் மலைக் கணவாயை மட்டும் மதியுங்கள். 2024 செப்டம்பரில், வசந்தம் பிறந்த பிறகு, அங்கே பனி கொட்டி ரோடு மூடப்பட்டு எத்தனையோ பேர் ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். புறப்படுமுன் வானிலையைப் பாருங்கள், கணவாய் பக்கத்து ஹாரிஸ்மித் ஊரை வெயில் ஏறியபிறகு கடக்கிற மாதிரி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போர்வை, தண்ணீர், சார்ஜர் எப்போதும் டிக்கியில் இருக்கட்டும். இன்னொன்று, டியூனிங் பற்றி இன்ஷூரன்ஸ்காரருக்குச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாமல் ஏதாவது நடந்தால் பணம் வராமல் போகலாம். வீட்டுக்குச் சொல்வது உங்கள் பாடு, இன்ஷூரன்ஸ்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆகஸ்ட் முடிந்ததும் 'தப்பித்தேன்' என்று எனக்கு எழுதிவிடாதீர்கள். மே முதல் ஆயில், ரப்பர்த் தூள், புல் எரித்த சாம்பல் எல்லாம் ரோட்டில் படிந்து காத்திருக்கும். அக்டோபர் வாக்கில் ஒரு சாயங்காலம் முதல் மழை லேசாகத் தூறும்போது அத்தனையும் குழைந்து சோப்பு நுரையாகும். நான் பார்த்தவரை இந்த ஊரில் வண்டிகள் அதிகம் சுழல்வது அந்த முதல் அரை மணி நேரத்தில்தான். மேகம் கட்டுவது காலையிலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு கௌட்ரெயின் விரைவு ரயிலில் போங்கள், மிட்ராண்ட் ஸ்டேஷன் உங்களுக்குப் பக்கம்தானே.