வீட்டிலேயே ஜெபிக்கலாமே, சபைக்கு எதற்குப் போக வேண்டும்?

"வீட்டில் பைபிள் வாசிக்கிறேன், யூடியூபில் நல்ல பிரசங்கம் கேட்கிறேன். இதற்கு மேல் சபை கூடிவருவதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசங்கத்துக்காக மட்டும் என்றால், போகத் தேவையில்லைதான். எங்கள் போதகரைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் போனிலேயே எத்தனையோ பேர் கிடைக்கிறார்கள் (அவரிடம் சொல்லிவிடாதீர்கள்).

ஆனால் ஆதிச் சபை பிரசங்கம் கேட்க மட்டும் கூடவில்லை. கி.பி. 155 வாக்கில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவப் போதகர், ஞாயிறு ஆராதனை எப்படி நடக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். வேத வாசிப்பு, போதனை, ஜெபம், திருவிருந்து எல்லாம் இன்றைக்கு நாம் பார்ப்பது போலத்தான். அதோடு, வர முடியாதவர்களுக்கு டீக்கன்மார் (சபையில் ஊழியம் செய்பவர்கள்) திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுபோவார்கள் என்கிறார். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுத்த காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்களுக்குப் போனதாம். யார் வரவில்லை, யார் வீட்டில் கஷ்டம் என்பதெல்லாம் கூடினால்தானே தெரியும்? இத்தனைக்கும் ஞாயிறு அப்போது விடுமுறை நாள்கூட இல்லை. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வுநாளாக அறிவித்ததே 321-இல்தான்.

நான் சபைக்குப் போவதற்கும் இதுதான் காரணம். துக்கம் நடந்த வீட்டுக்காரர் ஒருவர் அடுத்த ஞாயிறே வந்து உட்கார்ந்திருப்பார். வாய் திறந்து பாட முடியாது, புத்தகத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார். அவருக்கும் சேர்த்து மற்றவர்கள் பாடுவார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். யூடியூபில் பிரசங்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நீங்கள் அழுதால் அதற்குத் தெரியாது. அதைவிட முக்கியம், பக்கத்து பெஞ்சில் அழுகிறவரை நீங்களும் பார்க்க மாட்டீர்கள். எபிரெயர் 10:25 கூடிவருதலை விட்டுவிட வேண்டாம் என்பதும் ஒருவரை ஒருவர் தேற்றி நிறுத்தத்தான். நமக்கு என்ன கிடைக்கும் என்பது அங்கே பேச்சே இல்லை.

சரி, சபையில் சண்டை, கோஷ்டி, பணக்காரருக்கு முன்வரிசை எல்லாம் இல்லையா? இருக்கிறது. ஆதிச் சபைகளில் ஒன்றான கொரிந்து சபையில், கூடிச் சாப்பிடும்போது ஒருவர் பசியோடிருக்க, இன்னொருவர் குடித்து வெறித்திருந்தார். நீங்கள் கூடுவதால் நன்மையைவிடத் தீமைதான் அதிகம் என்று அப்போஸ்தலர் பவுலே கடிந்து எழுதினார். ஆனாலும் கூடாதீர்கள் என்று சொல்லவில்லை. சாப்பிட வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார்.

படுக்கையில் இருப்பவர்களுக்கும் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் ஆன்லைன் ஆராதனை பெரிய உதவி, அதைக் குறை சொல்லவே மாட்டேன். உங்கள் விஷயத்தில் பெரிய கூட்டம்தான் தயக்கம் என்றால், யார் வீட்டிலாவது நடக்கும் ஜெபக் கூட்டத்தில் ஆரம்பியுங்கள். பவுலோடு ஊழியம் செய்த தம்பதியர் பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும் தங்கள் வீட்டில்தான் சபை கூட்டினார்கள். பத்துப் பேர் இருந்தாலே போதும், ஒரு வாரம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று போன் வந்துவிடும்.