கிரகணத்தப்ப வெளிய வந்தா குழந்தைக்கு உதடு பிளவா பிறக்குமா? பிறவிக் குறைபாடு நிஜமா எதனால வருது?

வராதுங்க. டாக்டரா சொல்லல, பிளவு உதட்டோட பிறந்த பையனோட அம்மாவா சொல்றேன்.

நாங்க கொழிஞ்சாம்பாறை பக்கம், ஊரு கேரளா, வீட்டுப் பேச்சு தமிழ். 2019 டிசம்பர் 26 காலைல வளைய சூரிய கிரகணம் வந்துச்சே, பாலக்காடு கோயமுத்தூர் எல்லாம் அதோட பாதையிலயே இருந்துச்சு. அப்ப எனக்கு அஞ்சாம் மாசம். உக்காந்து பீன்ஸ் நறுக்கினேன், நான் பண்ணுன குத்தம் அவ்வளவுதான். மே மாசம் பையன் பிறந்து துணிய வெலக்கிப் பாத்ததும் அத்தை வாயில வந்த முதல் வார்த்தை "அன்னிக்கே சொன்னனில்ல அம்மிணி, கெரகணத்துல அருவாமணையத் தொடாதேன்னு".

ஆனா எனக்கு அனாமலி ஸ்கேன் (குழந்தை உறுப்புல குறை இருக்கான்னு பாக்குறது) எடுத்தது டிசம்பர் 18, கிரகணத்துக்கு எட்டு நாள் முன்னாடி. மேலுதட்டுல பிளவு மாதிரி தெரியுதுன்னு அதுலயே எழுதியிருந்துச்சு, நானும் வீட்டுக்காரரும் யார்ட்டயும் மூச்சு விடல. அப்புறம் அந்த ரிப்போர்ட்ட எடுத்து தேதிய காட்டினா அத்தை அசரவே இல்ல, "அப்ப அதுக்கு முந்துன கெரகணமா இருக்கும்"ங்கறாங்க. அதுக்கு முந்துனது ஜூலை 17 சந்திர கிரகணம், அன்னைக்கு நான் கர்ப்பமே இல்ல!

முகம் ஒரே துண்டா வளர்றதில்லைங்க. மேல இருந்தும் ரெண்டு பக்கத்துல இருந்தும் சதை மொட்டு மாதிரி கிளம்பி வந்து ஒண்ணோடொண்ணு ஒட்டணும். மூக்குக்குக் கீழ ஒரு சின்னப் பள்ளம் இருக்குல்ல, அதோட ரெண்டு ஓரத்துலயும் மேடா ஒரு கோடு ஓடும், தொட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட அங்கதான் ஒட்டுது. கரு உண்டாகி ஆறு ஏழு வாரத்துல அந்த வேலை முடிஞ்சிரும், என் கணக்குக்கு அது அக்டோபர் முதல் வாரம். மேல் அண்ணம் மூட இன்னும் கொஞ்ச வாரம் ஆகும். சுமாரா 700 குழந்தைக்கு ஒண்ணுக்கு இது எங்கயோ ஒட்டாம நின்னுடுது, அன்னைக்கு கிரகணமே தெரியாத தேசத்துலயும்தான்.

எல்லாக் குறைபாடும் இந்த மாதிரி உருவாகும்போதே தப்பிப் போறது இல்ல. இதயத்துல ஓட்டை, முதுகுத்தண்டு மூடாம போறது இதெல்லாம் உருவாகும்போதே தப்புற வகை, இதயக் குறைதான் இருக்குறதுலயே அதிகம், 100க்கு ஒண்ணு. சிலது நல்லா உருவாகி வயித்துக்குள்ள இடம் பத்தாம அமுங்கிப் பாதம் திரும்பிக்கிறது. இன்னும் சிலது நல்லா வளர்ந்த விரல்ல பனிக்குடச் சவ்வுல இருந்து பிஞ்ச நூல் மாதிரி இழை சுத்தி இறுக்கிடறது, அது பொதுவா அம்மா அப்பா ரத்தத்துல வர்றதில்ல.

காரணம்னு கேட்டா பாதிக்கு மேல இன்னதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, இத ஏத்துக்கத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. தெரிஞ்சதுல குரோமோசோம் கணக்கு தப்பறது ஒண்ணு, 21வது ஜோடியில ஒண்ணு கூடினா டவுன் சிண்ட்ரோம், அம்மா வயசு ஏற ஏற அது கூடும். எங்க பக்கம் அக்கா மகள, மாமன் மகள கட்டுறது சகஜம், அதுல மறைஞ்சு கெடக்குற ஒரே கோளாறு ரெண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்பு அதிகம் (எங்களுது சொந்தத்துல இல்ல, அத்தைக்கு அந்தக் குறையும் உண்டு). அப்புறம் கர்ப்பத்துல ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) வந்தா குழந்தையோட கண்ணு காது இதயம் மூணும் பாதிக்கலாம், கட்டுப்படாத சர்க்கரை, சாராயம், வலிப்புக்கு குடுக்குற வால்ப்ரோயேட், பருவுக்கு குடுக்குற ஐசோட்ரெட்டினாயின். 1957ல ஜெர்மனியில விக்க ஆரம்பிச்ச தாலிடமைடு தூக்க மாத்திரைய மசக்கை வாந்திக்கும் குடுத்து, 1961ல நிறுத்துறதுக்குள்ள பத்தாயிரத்துக்கும் மேல குழந்தைங்க கை கால் குட்டையா பிறந்துச்சு. அதுக்காக வலிப்பு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்ட்ட சொல்லி மாத்தணும்.

பையனுக்கு அண்ணமும் பிளவு, அதனால உறிஞ்ச முடியல. பால் மூக்கு வழியா வந்துச்சு, நான் அழுதுட்டேன். ஒரு நர்ஸ் சேச்சி "முச்சுண்டல்லே, சாரமில்ல, கோகர்ணம் எடுக்கு" (பிளவு உதடுதானே, பரவால்ல, கோகர்ணம் எடு)ன்னாங்க, என்னடா கோயில் பேரு சொல்றாங்கன்னு முழிச்சா, குழந்தைக்குப் பால் புகட்டுற நம்ம பாலாடைதான். தலைய நல்லா நிமிர்த்தி வச்சு, கன்னத்து ஓரமா கொஞ்சம் கொஞ்சமா விட்டு, நடுநடுவுல தோள்ல போட்டுத் தட்டணும். ஒரு வேளைக்கு முக்கா மணி நேரம். உதடு ஆபரேசனுக்கு பத்து வாரம், பத்து பவுண்டு (நாலரை கிலோ), ஹீமோகுளோபின் பத்துன்னு ஒரு பழைய கணக்கு உண்டு, லாக்டவுன் பாஸ் வாங்கி வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயமுத்தூர் போய் சேர்றதுக்குள்ள அவனுக்கு நாலரை மாசம் ஆயிருச்சு. அண்ணத்துக்கு ஒரு வயசுல. இப்ப ஸ்கூல் போறான், 'க' மட்டும் கொஞ்சம் மூக்குல வரும், ஸ்பீச் தெரபி போகுது.

இன்னொண்ணு. நாள் தள்ளிப்போய் ரெண்டு வாரத்துல முதுகுத்தண்டுக் குழாய் மூடிடும், அதனால ஃபோலிக் ஆசிட் மாத்திரைய குழந்தை வேணும்னு நினைக்கும்போதே ஆரம்பிக்கணும், ஏற்கனவே முதுகுத்தண்டு மூடாத குழந்தை உண்டான அம்மாங்களுக்கு இது முக்கால்வாசி ஆபத்தக் குறைக்குதுன்னு 1991லயே நிரூபிச்சுட்டாங்க. உதட்டுக்கு அவ்வளவு உறுதி இல்ல. ரெண்டாவது குழந்தைக்கும் பிளவு வர நூத்துக்கு நாலு வாய்ப்புன்னு டாக்டர் சொன்னாரு, நான் மூணு மாசமா மாத்திரை போட்டுட்டு இருக்கேன்.