லடாக்கில் பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில் பார்த்த கொழுத்த அணில் போன்ற விலங்கு எது? குளிர்காலத்தில் அது எங்கே போகும்?

அது இமாலய மர்மோட். அணில் குடும்பம்தான், ஆனால் மரம் ஏறாது. மரமே இல்லாத 3,500 மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிகளில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். கழுகோ ஓநாயோ தென்பட்டால் ஒன்று விசிலடிக்கும், மற்றவை வளைக்குள் பாய்ந்துவிடும்.

குளிர்காலத்தில் எங்கேயும் போகாது. கோடை முழுக்கப் புல் தின்று கொழுப்புச் சேர்த்து, வளை வாயை மண்ணால் அடைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கும் மேலாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கும். உடல் வெப்பம் வெகுவாக இறங்கும், இதயம் நிமிடத்துக்குச் சில முறை மட்டுமே துடிக்கும். அந்தக் கொழுப்புதான் அதற்குச் சாப்பாடு. அப்புறம், பயணிகள் நீட்டும் பிஸ்கட்டையும் வாங்கித் தின்னும், தயவுசெய்து கொடுக்காதீர்கள்.