நர்சிங் படிக்கும் மகளை நிறுத்திவிடலாமா என்று கேட்ட பென்னாகரம் அப்பாவுக்கு

வணக்கம் அண்ணா. பாப்பா கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கொஞ்ச நாளாக ராத்திரியில் போன் போட்டு அழுகிறாள், "என்னால முடியலப்பா, வந்துடறேன்" என்கிறாள். கூட்டிக்கொண்டு வந்து தருமபுரியில் பி.காம். சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் "பல்லைக் கடிச்சிக்கிட்டுப் படி" என்றும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நிறுத்துவதற்கும் அப்படியே விடுவதற்கும் நடுவில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வார்டில் அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி இறந்துவிட்டார் என்று. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான்.

முதல் வருடம் பெரும்பாலும் வகுப்பு, லேப், அடிப்படைப் பயிற்சி. பெட் மேக்கிங், பிபி பார்ப்பது இப்படிப் போய்விடும். இரண்டாம் வருடத்தில் மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங் வருகிறது. நோயாளியின் பக்கத்தில் நிற்க வேண்டும், ஊசி, டிரெஸ்ஸிங் எல்லாம் செய்ய வேண்டும், ஒரு நோயாளியை எடுத்து, அவரை எப்படிப் பராமரிப்பது என்று கேர் பிளான் எழுத வேண்டும். வீட்டில் சாவைக்கூட பெரியவர்கள் மறைத்து வளர்த்த பத்தொன்பது வயதுப் பெண், முதல் தடவையாக ஒரு உயிர் போவதைக் கிட்ட இருந்து பார்க்கிறாள். அடுத்த அரை மணி நேரத்தில் அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிடுகிறார். சாயங்காலம் ரெக்கார்டு நோட் முடிக்க வேண்டும். அவளிடம் யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

இந்த மாதிரிப் பிள்ளைகளின் மனதில் ஓடுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நான் ஏதாவது தப்பு செஞ்சிட்டேனா? பாட்டிக்குக் கஞ்சி கொடுத்தது சரியா, மூச்சு வாங்கியதைச் சீக்கிரமாகச் சொல்லியிருக்கணுமா என்று அதையே சுற்றிச் சுற்றி வருவார்கள். இதற்கு "மறந்துடு" என்பது மருந்தல்ல. வார்டுக்குப் பொறுப்பான டியூட்டரிடமோ (கல்லூரி ஆசிரியரிடமோ) வார்டு சிஸ்டரிடமோ போய், "மேடம், அந்தப் பாட்டிக்கு என்ன ஆச்சு? நான் வேற என்ன செஞ்சிருக்கணும்?" என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். நோய் எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்று தெரிந்த ஒருவர் பத்து நிமிடம் விளக்கினால், அவள் தலையில் சுமந்துகொண்டிருக்கும் பழி பெரும்பாலும் இறங்கிவிடும். பாடமும் அங்கேதான் நடக்கிறது. தாங்கும் பலத்தோடு யாரும் பிறப்பதில்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு, பேசி, அடுத்த டியூட்டிக்குப் போய்த்தான் அது வருகிறது.

உங்கள் மகள் மட்டும் பலவீனமாக இருக்கிறாள் என்று நினைக்காதீர்கள். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024ல் அறிக்கை கொடுத்தது. அதன் ஆய்வில் பதில் சொன்ன 25,590 இளநிலை மருத்துவ மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். நீட்டில் ஜெயித்து உள்ளே போன பிள்ளைகள் அவர்கள். நர்சிங் பிள்ளைகள் நிற்பதும் அதே வார்டில்தான்.

சரி, உங்கள் போன் விஷயத்துக்கு வருகிறேன். எடுத்தவுடன் "இன்டர்னல் மார்க் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா, எத்தனை மணிக்குப் படுத்தே, இன்னிக்கு வார்டுல என்ன பார்த்தே" என்று கேளுங்கள். அவள் அழுதால் அழ விடுங்கள், உடனே தீர்வு சொல்ல வேண்டாம். "உன்னை நம்பித்தான் இந்தக் கடனை வாங்கினோம்" என்ற வார்த்தை உங்கள் வாயில் வரவே கூடாது. அது அவளுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் பாதித் தூக்கம் போகிறது. அப்புறம் கல்யாணப் பேச்சு. நம்ம பக்கத்தில் படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு வீட்டில் அடுத்து என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பயத்திலேயே உண்மையான கஷ்டத்தை முழுங்கிக்கொண்டு இருக்கும் பிள்ளைகள் உண்டு. "நீ படிப்பை முடிக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே கிடையாது" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அவள் அம்மாவும் சொல்லட்டும்.

அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். டியூட்டி முடிந்து பசிக்கும்போது பன்னும் வாழைப்பழமும் வாங்க கையில் காசு இருப்பது சின்ன விஷயம் இல்லை. வெறும் வயிற்றோடு வார்டில் நின்று மயங்கி விழும் பிள்ளைகள் எத்தனையோ பேர். தூக்கமும் அப்படித்தான். நைட் டியூட்டி முடித்த பகலில் நீங்கள் யாரும் போன் செய்து எழுப்பாதீர்கள்.

வீட்டுக்குக் கூட்டிவந்து ஓய்வு கொடுக்கலாமா? இரண்டு மூன்று நாள் தாராளமாக. ஆனால் அட்டெண்டன்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வு எழுத தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீதம் வேண்டும். பட்டம் கையில் கிடைப்பதற்குள் பிராக்டிகல் நேரத்தை நூறு சதவீதமும் முடித்தாக வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டால், விட்டுப்போன டியூட்டி எல்லாம் பிறகு மொத்தமாக வந்து நிற்கும். அதனால் வகுப்புப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டி வாருங்கள்.

கல்லூரியில் கவுன்சிலர் இருக்கிறாரா என்று கேளுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் "மனம்" என்ற மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டன. உங்கள் மகளின் கல்லூரியில் அப்படி எதுவும் இல்லையென்றால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. உங்கள் மகளுக்கு எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "பைத்தியம்னு பேர் வந்துடும், வேலை கிடைக்காது" என்று பயப்பட வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியமாக வைக்கப்பட வேண்டியது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. "இருக்கவே பிடிக்கல" என்பது போல எப்போதாவது சொன்னால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் செய்து அவளுடன் ஒரு ஆளை உட்கார வையுங்கள், நீங்கள் கிளம்பிவிடுங்கள். அப்படி ஏதாவது நினைப்பு வருகிறதா என்று நீங்களே நேராகவும் கேட்கலாம். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது.

இத்தனையும் செய்த பிறகும், நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், "எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம்" என்று அவள் சொன்னால், அப்போது பி.காம். பற்றிப் பேசுவோம். அது தோல்வி இல்லை. ஆனால் வார்டு மட்டும்தான் பிடிக்கவில்லை என்றால் வேறு வழிகளும் உண்டு. சமுதாய நலப் பணி, துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணி, எம்.எஸ்சி. முடித்து நர்சிங் ஆசிரியர் வேலை எல்லாமே இந்தப் பட்டத்தை வைத்துத்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அண்ணியும் பஸ் ஏறிப் போய் அவளைப் பாருங்கள். பென்னாகரத்தில் இருந்து தருமபுரி வழியாகப் போனால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். கேழ்வரகுக் களி கேட்பாளோ வேறு என்ன கேட்பாளோ, அவளிடமே கேட்டு எடுத்துப் போங்கள். அன்றைக்குப் படிப்பைப் பற்றி நீங்களாக எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை டியூட்டரைப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டு எனக்குச் சொல்லுங்கள். என்ன பேசுவது என்று தயக்கமாக இருந்தால் நானும் கூட வருகிறேன்.