கடல்நீரின் உப்பளவு: எந்தக் கருவியை நம்புவது?

கேள்வி: கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். காய்ச்சி வடித்த நீரில் சுழியத்துக்குச் சரிசெய்த என் ரிஃப்ராக்டோமீட்டர் (நீரில் ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் கருவி) உப்பளவை ஆயிரத்துக்கு 35 என்று காட்டுகிறது. நண்பரின் மின்னணு மீட்டரோ 33.5 என்கிறது. விலை கூடிய புதிய கருவியை வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். இந்த ஒன்றரை அலகு வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் அளவுகோலே காரணமாக இருக்கும். மலிவாக விற்கப்படும் ரிஃப்ராக்டோமீட்டர்கள் பல, வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்காக அளவு குறிக்கப்பட்டவை. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், சல்பேட் ஆகியவையும் கலந்திருப்பதால் அது ஒளியைச் சற்றுக் கூடுதலாக வளைக்கிறது. ஆகவே உண்மையில் 35 உள்ள கடல்நீர் அத்தகைய கருவியில் ஏறக்குறைய 36.5 என்றும், 33.5 உள்ள நீர் 35 என்றும் தெரியும். காய்ச்சி வடித்த நீர் சுழியத்தை மட்டுமே சரிபார்ப்பதால், அளவுகோலின் மேல்பகுதியில் உள்ள இந்தப் பிழையை அது காட்டிக்கொடுக்காது.

இதைக் கண்டறியச் செலவு மிகக் குறைவு. அயோடின் சேராத தூய உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் முழுவதும் கரையுங்கள். இக்கரைசலின் ஒளிவிலகல் 35 அளவுள்ள கடல்நீருக்குச் சமம். உங்கள் கருவி 36.5 என்று காட்டினால் அது வெறும் உப்புக் கரைசலுக்கானது; திருகைத் திருப்பி 35-இல் நிறுத்திவிட்டால், தொட்டிக்குத் தேவையான எல்லைக்குள் அதையே நம்பிப் பயன்படுத்தலாம். எடைபோட 0.1 கிராம் நுட்பமுள்ள தராசு அவசியம். கரண்டியால் அளப்பது கூடவே கூடாது.

நண்பரின் மீட்டர் மின்கடத்துதிறனை அளப்பதாக இருந்தால், இந்தக் கரைசலைக் கொண்டு அதைச் சரிபார்க்காதீர்கள். அதற்கு 25 பாகை செல்சியஸில் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமன்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) என்று குறிக்கப்பட்ட திட்டக் கரைசலை (அளவு உறுதிசெய்யப்பட்ட ஒப்பீட்டுக் கரைசலை) வாங்குவதே முறை. மின்கடத்துதிறன் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 2 சதவீதம் மாறுவதால், தானியங்கி வெப்பநிலை ஈடுசெய்தல் இல்லாத மீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். உணரியில் ஒட்டியுள்ள காற்றுக்குமிழியும் அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால், அமிழ்த்தியதும் மெல்ல அசைத்துவிடுங்கள்.

நீரின் அடர்த்தியைக் கொண்டு உப்பளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டர்களில், முள் அசையும் பிளாஸ்டிக் வகையை வாங்குவதைத் தவிர்க்கவும். கண்ணாடி ஹைட்ரோமீட்டர் நல்லதுதான்; ஆனால் அது எந்த வெப்பநிலைக்கு அளவு குறிக்கப்பட்டது என்பதை வாங்கும்போதே பாருங்கள். 15.6 பாகைக்கானதை 25 பாகை நீரில் மிதக்கவிட்டால், 1.026 (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) காட்ட வேண்டிய இடத்தில் 1.024 என்று காட்டும்; அதை நம்பி உப்பைக் கூட்டினால் மீன்கள்தாம் துன்பப்படும்.

கரைசல் எதுவானாலும் புட்டியை இறுக மூடி வையுங்கள்; நீர் ஆவியானால் அதன் செறிவே மாறிவிடும்.